எச்சில் பட்டியல்

பிப்ரவரி 11

அன்புள்ள மச்சானுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் அங்கே இருந்த நாளெல்லாம் எனக்குத் துணையாக வெறும் தரையில் படுத்திருந்தீர்கள். அது உங்கள் முதுகுக்கு ஆகாது.

போனில் பேச வரவில்லை. நீங்கள் கூப்பிட்டு நான் எடுக்காவிட்டால் தப்பாக நினைக்காதீர்கள். மணி அடித்தாலே உங்கள் தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மூன்று நாள் வந்துவிடுகிறது. கடிதம் என்றால் எட்டு நாள் பழைய செய்தி. அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

வேலைக்குப் போகிறேன். இங்கே எதுவும் மாறவில்லை. என் வேலையை உங்களுக்கு ஒருமுறை விளக்கினேன், பாதியில் தூங்கிவிட்டீர்கள். இந்த நாட்டு அரசாங்கம் உலகத்தில் உள்ள எல்லா உயிரினத்துக்கும் டிஎன்ஏவை வைத்து ஒரு பட்டியல் போடுகிறது. ஒவ்வொரு நாட்டிலும் ஆட்களை வைத்திருக்கிறார்கள். அவர்கள் வண்டைப் பிடித்து, ஒரே ஒரு காலை மட்டும் எடுத்து, ஸ்பிரிட் ஊற்றிய டியூபில் போட்டு அனுப்புவார்கள். நான் அதை மெஷினில் வைப்பேன். அறுநூற்று ஐம்பத்தெட்டு எழுத்து வரும். அதுதான் அந்த வண்டின் அடையாளம். ஒரு தட்டில் தொண்ணூற்றாறு குழி. கடைசிக் குழியை வேண்டுமென்றே காலியாக விடுவோம். அதில் ஏதாவது எழுத்து வந்தால் எங்கள் பக்கம் தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவள் நம் ஊர் மலையில் பிடித்ததெல்லாம் இன்னும் வரிசையில் நிற்கிறது. ஆள் போய்விட்டாள், டியூப் வந்துகொண்டிருக்கிறது. பத்து டியூபுக்கு ஒன்றில் வண்டோடு மனித எழுத்தும் கலந்திருக்கும். அவளுடையதுதான். ட்வீசரைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்க்கும் பழக்கம், உங்கள் கடிகாரக் கடையில் கற்றது. வேலைக்குச் சேரும்போது எங்கள் எல்லோருக்கும் கன்னத்தின் உள்ளே பஞ்சுக் குச்சியால் தேய்த்து எழுத்தைப் பதிந்துகொள்வார்கள், அசுத்தம் யாரால் வந்தது என்று பிடிக்க. அதற்கு எச்சில் பட்டியல் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். அவள் எழுத்தில் இரண்டு இடம், பட்டியலில் வேறு யாருக்கும் இல்லாத மாதிரி இருக்கும். பார்த்ததும் தெரிந்துவிடும். "மறுபடியும் துப்பிட்டியா?" என்று செய்தி அனுப்புவேன். "முத்தம்னு வச்சுக்கோ" என்று பதில் வரும்.

ஒரு விஷயம். அவளோடு மலையில் வண்டுக்கு வலை வீசிய அந்த வலைக்காரர் அங்கே வந்தால் என்னைப் பற்றிப் பேச வேண்டாம். அவரைப் பற்றி எனக்கும் எழுத வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் அவள் கைக்கடிகாரம் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

அக்காவுக்கு என் வணக்கம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதறது.

நாங்க இங்க நல்லா இருக்கோம். நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேக்க வாய் வரல, இருந்தாலும் கேக்கறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் கிடையாது. கடைசியா எழுதினது உங்க அக்காவுக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி. அதை இன்னும் பீரோவுல வச்சிருக்கா. நான் ஏதாவது ஏட்டிக்குப் போட்டியா பேசினா எடுத்துப் படிச்சுக் காட்டி மானத்தை வாங்கறா. அதனால இலக்கணமெல்லாம் வேணாம்னு பேசற மாதிரியே எழுதறேன்.

என் தங்கச்சி வாலோட கடிகாரம் என்கிட்டதான் இருக்கு. ஒருத்தர் கொண்டுவந்து குடுத்தார். உள்ள தண்ணி போயி நின்னிருந்துச்சு. கழட்டித் தொடச்சு ஓட வச்சுட்டேன். ஆனா ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் முந்துது. எத்தனை கடிகாரத்தை அடக்கியிருக்கேன், இது அடங்கல. அவளும் அப்படித்தானேன்னு விட்டுட்டேன்.

கடை ஓடுது. சனி ஞாயிறு மட்டும் சாத்திடறேன். முதுகுக்கு ரெஸ்ட்டு.

ஒரு சந்தேகம் கேக்கணும். கடைக்கு வர்ற கஸ்டமர் ஒருத்தர் கேட்டார். அந்த டியூப்ல இருக்கிற ஸ்பிரிட்டு பாதி ஆவியாப் போயிட்டா, மேல ஊத்தி நிரப்பலாமா, இல்ல கொட்டிட்டுப் புதுசா ஊத்தணுமா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

துணிமணியெல்லாம் தொவைக்கறீங்களா? ரூமைச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடக்காதீங்க. நாலு பேர் இருக்கிற இடத்துல போய் உக்காருங்க. அவங்க பேசறதைக் கேக்கணும்னு இல்ல, சும்மா உக்காந்தா போதும்.

மச்சான்

மார்ச் 19

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். துணி துவைக்கிறேன். உங்கள் நலம் அறிய ஆவல்.

கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் ஊற்ற வேண்டும். உங்கள் கஸ்டமர் என்ன வேலை பார்க்கிறார்?

கடிகாரம் கொண்டுவந்த 'ஒருத்தர்' யார் என்று எனக்குத் தெரியும். அவள் கையிலிருந்து அதைக் கழற்றினதும் அவர்தானே. ஓடையில் விழுந்து கிடந்தவளை ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு இறங்கியதும் அவர்தான். ஆஸ்பத்திரியில் எனக்கு அவரே சொன்னார்: "தண்ணி கேட்டாங்க சார், குடுத்தேன். ஒரு டம்ளர் முழுசாக் குடிச்சாங்க." நல்ல செய்தி சொல்கிற மாதிரி சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அவள் கடைசியாகத் தண்ணீர் வாங்கிக் குடித்தது அவர் கையால். நான் அப்போது விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் அண்ணன், உங்களிடம் சொல்லக் கூடாது. ஆனால் வேறு ஆள் எனக்கு இல்லை.

அக்டோபரில் ஒரு போட்டோ அனுப்பினாள். மலையில் அவள் தங்கியிருந்த அறையின் வாசல். படியில் அவளுடைய சிவப்பு ரப்பர் பூட்ஸ். அதை ஒட்டி இன்னொரு ஜோடி, கறுப்பு. ஆண்கள் போடுகிறது. ஈரம் துடைத்து, சேர்த்து, ஒழுங்காக வைத்திருந்தது. போட்டோவுக்குக் கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பார்த்துவிட்டு நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா. அதற்கப்புறம் அவள் பேச்சில் எத்தனை தடவை 'வலைக்காரர்' வருகிறது என்று எண்ண ஆரம்பித்தேன். ஒரு நாள் பதினோரு தடவை.

அந்த மலைக்கு நானூற்று இருபது வகை என்று கணக்கு. அவள் முந்நூற்றுப் பத்து வரை முடித்திருந்தாள். செப்டம்பர் முப்பதோடு பட்டியலை மூடுகிறார்கள். அதற்குள் நிரம்பாவிட்டால் உலகப் பட்டியலில் நம் மலைக்கு நேரே 'காலி' என்று போட்டுவிடுவார்கள், அவள் செய்ததும் சேர்ந்து போய்விடும். ஒரு காலத்தில் அதற்காகத் தூக்கம் கெட்டிருப்பேன். இப்போது ஒன்றும் தோன்றவில்லை.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 22

மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்கணும்.

பதில் போட லேட்டாயிடுச்சு. வலது கால் பெருவிரல்ல கல்லு விழுந்து நகம் போச்சு. கடிகாரக் கடையில ஏது அவ்வளவு பெரிய கல்லுன்னு கேக்காதீங்க, விழுந்துச்சு.

அது மட்டும் காரணம் இல்ல. உங்க கடிதத்தைப் படிச்சதுலேர்ந்து ரெண்டு வாரம் எனக்கு யார் மூஞ்சியையும் பாக்கப் பிடிக்கல. உங்க அக்கா, "என்ன, முள்ளு முழுங்கின மாதிரி இருக்கீங்க"ன்னு கேட்டா. என்னத்தைச் சொல்றது? வாலுக்குப் பின்னல் போட்டு ஸ்கூலுக்கு அனுப்பினவன் நான். சீப்பு எடுத்தாலே தெருக்கோடிக்கு ஓடுவா. அதனாலதான் வாலுன்னு பேர் வச்சேன். அந்த பூட்ஸைப் பத்தி நான் போய் யார்கிட்டக் கேக்கறது, என்னன்னு கேக்கறது? தங்கச்சி விஷயம் மாப்ள.

ஒண்ணு மட்டும் சொல்றேன். மனசுல இருக்கிறதைக் கொண்டுபோய் வேலையில காட்டாதீங்க. அவ அந்த நானூத்து இருபதை எத்தனை பேர்கிட்டச் சொல்லிட்டுத் திரிஞ்சான்னு உங்களுக்கே தெரியும். பால் ஊத்தறவர்கிட்டக்கூட, "இன்னும் நூத்திப் பத்துதாண்ணே பாக்கி"ன்னு சொல்லியிருக்கா.

உங்க பட்டியல்ல அது காலின்னு வரக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறது.

உடம்பைக் கவனிங்க.

மச்சான்

மே 9

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். கால் விரல் ஆறிவிட்டதா? ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடப்போகிற இடங்களின் டியூப்களை வரிசையில் முன்னால் தள்ளிவிட்டார்கள். அதனால் நம் மலையிலிருந்து நாற்பது டியூப் சீக்கிரமே என் மேஜைக்கு வந்துவிட்டது. மார்ச் மாதம் பிடித்தவை. அவள் இறந்தது ஜனவரி பதினான்கு.

டியூபில் யார் பிடித்தார்கள் என்று எண் போட வேண்டும். வலைக்காரரின் எண் 31. அவளுடையது 32. இந்த நாற்பதிலும் 31/32 என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக, கோடு நடுங்கி இருக்கிறது. குடித்துவிட்டு எழுதின மாதிரி.

அவள் உயிரோடு இருந்தபோது அவள் பகலெல்லாம் அவருடையது. எனக்குக் கிடைத்தது சாயங்காலம் பத்து நிமிஷப் போன். செத்த பிறகும் தன் எண்ணுக்குப் பக்கத்தில் அவளைச் சாய்த்து வைத்துக்கொண்டிருக்கிறார். நாற்பது தடவை. ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தேன்.

இல்லாத ஆளின் எண்ணைப் போடுவது பொய்ப் பதிவு. விதி அப்படித்தான் சொல்கிறது. மொத்தத்தையும் நிராகரித்து எழுதிவிட்டேன். எங்கள் மேடம் கையெழுத்து போட்டுவிட்டார். இன்னொரு தடவை நிராகரித்தால் அந்த மலை முகாமை மூடிவிடுவார்கள்.

கோபத்தில் செய்ததாக நினைக்காதீர்கள். கை நடுங்கவில்லை. செய்துவிட்டு வழக்கம்போல் மதியம் சாப்பிட்டேன்.

அக்காவுக்கு வணக்கம்.

மாப்பிள்ளை

மே 30

மாப்பிள்ளைக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில நான் இல்ல. இருந்தாலும் சுகமா இருங்க.

நாப்பதும் போச்சா? முழுசா போச்சா? ஒவ்வொரு வண்டும் கடுகுல பாதி. அதோட காலை எடுக்கறதுன்னா என்னன்னு உங்களுக்கு மெஷினுக்குப் பக்கத்துல உக்காந்து எப்படித் தெரியும்?

அவ எண்ணு கூட இருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு? யாரோ ஒருத்தருக்கு அந்த எண்ணை விட்டுட்டு எழுத மனசு வரலன்னு வைங்க. அது உங்க ஊர்ல குத்தமா?

கை நடுங்கினா குடிகாரனா? அந்த மனுஷனுக்கு நரம்புல கோளாறு. பத்து வருஷமா இருக்கு. வலையை வீசினார்னா ஒரு வண்டு தப்பாது, ஆனா டீ கிளாஸை ரெண்டு கையால பிடிச்சாத்தான் வாய்க்குப் போகும். எழுத வேணாம்னீங்க. எழுதிட்டேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்குங்க.

உங்க அக்கா சொல்றா, "அவர் படிச்ச படிப்புக்கு இன்னும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்"னு. நான் அவளைத் திட்டினேன். ஆனா அவ சொன்னதைத்தான் எழுதறேன்.

ஜூன் மாசத்து டியூபெல்லாம் வரும். அதைத் தொடாதீங்க. உங்க கையால வேணாம். வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. ஏன்னு கேக்காதீங்க மாப்ள.

மச்சான்

ஜூலை 11

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் நலமா? நடுவில் ஆறு வாரம் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. நீங்கள் கோபப்பட்டது சரிதான். ஆனால் அவர் டீ எப்படிக் குடிப்பார் என்பது வரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் உங்கள் வீட்டுக்கே வந்து போகிறார் என்று புரிந்தது. அதுவும் ஒரு மாதிரி எரிந்தது.

ஜூன் மாத டியூப் வந்தது. ஐம்பத்தைந்து. நானேதான் செய்தேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்னதால்தான் செய்தேன்.

பன்னிரண்டில் மனித எழுத்து கலந்திருந்தது. ஐந்துக்கு மேல் போனாலே நிராகரிக்கலாம். சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஆறு மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது. எச்சில் பட்டியலைத் திறந்து 31-ஐ எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒத்துப்போக வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன்.

31 இல்லை.

32.

அந்த இரண்டு இடமும் அப்படியே இருக்கிறது. டியூபில் போட்ட தேதி ஜூன் எட்டு. காலிக் குழியைப் பார்த்தேன். அது காலியாகத்தான் இருந்தது. தப்பு எங்கள் பக்கம் இல்லை. மூன்று தடவை புதிதாகச் செய்தேன். மூன்று தடவையும் அவளே வருகிறாள்.

பைத்தியம் பிடிக்கவில்லை, பயப்படாதீர்கள். நான் யோசித்தது இதுதான். அவளுடைய ட்வீசர் அவரிடம் இருக்கிறது. அவள் பல் பட்ட ட்வீசர். அதை எங்களிடம் தராமல் வைத்துக்கொண்டு, கழுவாமல்கூட அதே கருவியில் வேலை செய்கிறார். என்னிடம் அவள் தலை துவட்டிய ஒரு துண்டு இருக்கிறது, அதில் இப்போது வாசனைகூட இல்லை. அவருக்கு அவள் எச்சில் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு டியூபில்.

நிராகரிப்புப் படிவத்தை எழுதி மேஜையில் வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்தால் முகாம் மூடும். அவரிடம் கேட்டு எழுதுங்கள்: ட்வீசர் யாரிடம் இருக்கிறது? பதில் வரும் வரை வைத்திருப்பேன்.

மாப்பிள்ளை

ஜூலை 14

மச்சான்,

நலம் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். போன கடிதம் இன்னும் உங்கள் கைக்கு வந்திருக்காது.

நாங்கள் மெஷினில் படிக்கிற அந்த எழுத்து அம்மாவிடமிருந்து மட்டும் வருவது. ஒரு வயிற்றில் பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் அது ஒன்றுதான். ஒரு எழுத்துகூட மாறாது. முதல் வருஷப் பாடம். மூன்று நாளாக எனக்கு அது தோன்றவில்லை. இன்று டீ வாங்க நின்றபோது தோன்றியது. கிளாஸை வாங்காமலே வந்துவிட்டேன்.

நீங்கள் சனி ஞாயிறு எங்கே போகிறீர்கள்?

வேலை செய்யும்போது ட்வீசரை எங்கே வைத்துக்கொள்கிறீர்கள்?

மாப்பிள்ளை

ஜூலை 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நல்லா இருக்கீங்களா? உங்க ரெண்டு கடிதமும் ஒரே நாள்ல வந்துச்சு. முதல்ல ரெண்டாவதைப் பிரிச்சுட்டேன். ஒண்ணும் புரியல. அப்புறம் முதலாவதைப் படிச்சேன். கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

பல்லுலதான் மாப்ள. முப்பது வருஷமா அங்கதான் வச்சுக்கறேன். அவர் ஒரு டப்பா கையுறை குடுத்தார். போட்டுப் பாத்தேன், விரலுக்குக் காது கேக்காத மாதிரி ஆயிடுது. கழட்டி வச்சுட்டேன். எச்சில் அங்க வரைக்கும் வந்து காட்டிக் குடுக்கும்னு யார் கண்டா? அம்மா எழுத்து எனக்கும் அவளுக்கும் ஒண்ணுன்னு நீங்க எழுதினதை உங்க அக்காகிட்டப் படிச்சுக் காட்டினேன். "ரெண்டு பேருக்கும் ஒரே வாய்த்துடுக்குன்னு எனக்கு மெஷின் இல்லாமலே தெரியும்"னா. சொல்லிட்டு உள்ள போயி அழுதா.

நடந்தது இதுதான். பிப்ரவரில அவர் கடிகாரத்தோட வந்தார். கூடவே அவ நோட்டும். நோட்டுல நூத்திப் பத்து வண்டுப் பேரு கோடு அடிக்காம இருந்துச்சு. கையை நீட்டிக் காமிச்சார், இலை மாதிரி ஆடுது. "வலை பிடிச்சுடுவேங்க. காலை எடுக்க என்னால ஆகாது. அவங்க இருந்ததால ஓடுச்சு. இனிமே முகாமை மூட வேண்டியதுதான்"னார். "ஒரு வண்டு இருந்தாக் குடுங்க"ன்னேன். பையிலேர்ந்து எடுத்தார். லென்ஸைக் கண்ணுல மாட்டினேன், பின்னங்காலை எடுத்தேன். அவர் குனிஞ்சு பாத்தார். "அவங்களும் மூச்சை இப்படித்தான் பிடிச்சுக்குவாங்க"ன்னார்.

அன்னிலேர்ந்து சனி ஞாயிறு பஸ் ஏறிடறேன். உங்களுக்குச் சொல்லியிருக்கணும். அவரைப் பத்திப் பேச்சே எடுக்காதீங்கன்னீங்க. அவர்கூடத்தான் வேலை பாக்கறேன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் பூட்ஸு கடிதம் வந்துச்சு. அதுக்கப்புறம் சொல்லவே முடியல. ஏன்னா அந்தக் கறுப்பு பூட்ஸைப் போட்டுக்கிட்டுத்தான் நான் ஓடையில எறங்கறேன். முகாம் பூட்ஸுன்னு நெனச்சேன். எனக்குப் பெருசு, நுனியில பேப்பரை அடைச்சுப் போட்டுக்குவேன். உங்க கடிதத்துக்கு அப்புறம் அதுக்குள்ள காலை விடறப்பல்லாம் கூசிச்சு. அவர்கூடப் பேசறதையும் கொறைச்சேன். அந்த எரிச்சல்லதான் ஒரு நாள் கல்லைக் கால்ல போட்டுக்கிட்டேன்.

இந்தத் தடவை கேட்டுட்டேன். உங்க கடிதத்தைப் பையில வச்சுக்கிட்டே போயி, எறங்கினதும் கேட்டேன். "இந்த பூட்ஸு யாருது?"

என்னைப் பாத்தார். "தெரியாமலா போட்டுக்கறீங்க? அவங்க வீட்டுக்காரருக்கு வாங்கினது. ஒம்பதாம் நம்பர். நவம்பர்ல வர்றார்னாங்க. அப்புறம் டிசம்பர்ல வர்றார்னாங்க. அப்புறம் சொல்றதை விட்டுட்டாங்க. ஆனா தெனம் தன்னுதைத் தொடைக்கறப்ப அதையும் தொடச்சுப் பக்கத்துல வைப்பாங்க, உள்ள பூச்சி குடியேறிடும்னு."

"உங்களுது எங்க?"ன்னேன். காலைக் காமிச்சார். பன்னெண்டாம் நம்பர் பாதம், அகலமா, துடுப்பு மாதிரி. "எனக்கு எந்தக் கடையில பூட்ஸு வச்சிருக்கான்? செருப்புதாங்க"ன்னார்.

வேற ஒண்ணும் எழுதத் தெரியல. ஒரே வகை ரெண்டு தடவை மாட்டினது போக, நோட்டுல இன்னும் இருவத்தி மூணு பாக்கி. படிவத்தை நீங்க என்ன பண்ணணுமோ பண்ணுங்க. நான் சொல்லி நீங்க செஞ்சதா இருக்க வேணாம்.

உங்க அக்கா விசாரிக்கறா. திட்டினதை மறந்துடச் சொல்றா.

மச்சான்

ஆகஸ்ட் 8

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமா என்று தெரியவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

பத்து மாதமாக நான் வெறுத்த ஆளுக்கு என் கால் அளவு.

அவள் மூன்று தடவை கூப்பிட்டாள். நான் உங்களிடம் அதை எழுதவே இல்லை. "ஒரு வாரம் லீவு போட்டுட்டு வா, ஓடையைப் பாரு, நீ தெனம் படிக்கிற எழுத்தெல்லாம் எங்க நடமாடுதுன்னு பாரு" என்றாள். மூன்று தடவையும் மெஷின் வரிசை நிறைய இருக்கிறது என்றேன். வரிசை இருந்தது உண்மை. போட்டோவுக்குப் பிறகு, வரிசை இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

படிவத்தைக் கிழித்துவிட்டேன். அது சுலபம். முதல் நாற்பதுக்கு மேடத்திடம் போனேன். நான் பொறாமையில் நிராகரித்தேன் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"யார் மேல?"

"பூட்ஸ் மேல."

மேடம் ஒரு தாளை இழுத்தார். இனி அந்த மலையின் டியூபை நான் தொடக் கூடாது என்று எழுதி என்னிடமே கையெழுத்து வாங்கினார். வேறு ஒருவர் செய்வார். அந்த நாற்பதையும் ஒரு தடவை திரும்ப அனுப்பலாம். வண்டு உடம்பெல்லாம் முகாமில் பத்திரமாக இருக்கும் அல்லவா? ஆறு காலில் ஒன்றுதான் போயிருக்கிறது. இன்னொரு காலை எடுத்து அனுப்புங்கள். நாற்பது காலை மறுபடி எடுக்கும் வேலையை நான்தான் உங்களுக்கு வைத்தேன். மன்னிப்பு கேட்கத் தெரியவில்லை.

இதோடு ஒரு பஞ்சுக் குச்சி வைத்திருக்கிறேன். கன்னத்தின் உள்ளே இருபது தடவை தேய்த்து, உறையில் போட்டு அனுப்புங்கள். உங்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஒரே எழுத்தை இரண்டு எண்ணில் பதிய மெஷின் விடாது. மேடம் சொன்னார், "அந்த எழுத்துக்கு ஏற்கனவே எண் இருக்கே. அதையே அவருக்கு மாத்திடலாம். நீங்க சரின்னா."

சரி என்றேன். இனி 32 நீங்கள்தான். டியூபில் இருந்த பொய் இப்போது பொய் இல்லை.

சரி என்று சொன்ன பிறகு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். மச்சான், எனக்கு உங்கள் மேல் பொறாமையாக இருக்கிறது. அவளுடைய எழுத்து உங்கள் வாயில் இருக்கிறது. நீங்கள் தும்மினால்கூட அது வரும். நான் அவளோடு ஆறு வருஷம் வாழ்ந்தேன், என் உடம்பில் ஒரு எழுத்து ஒட்டவில்லை. வலைக்காரர் மேலும் இன்னும் இருக்கிறது. அவர் ஒன்றும் தப்பு செய்யவில்லை என்று தெரிந்த பிறகும் இருக்கிறது. அவர் தூக்கிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் கொடுத்தார். அவரைப் பார்த்தால் நன்றி சொல்வேனா, முகத்தைத் திருப்பிக்கொள்வேனா என்று எனக்கே தெரியாது. இரண்டும் செய்வேன் போலிருக்கிறது.

பன்னிரண்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. இருபத்தாறாம் தேதி வருகிறேன். எனக்கு வலை வீசவும் தெரியாது, கால் எடுக்கவும் தெரியாது. ஸ்பிரிட் ஊற்றுவேன். எண் எழுதுவேன், என் கை நடுங்காது. கையுறை இரண்டு டப்பா கொண்டு வருகிறேன், மெல்லிசு, விரலுக்குக் காது கேட்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ட்வீசரைப் பல்லில் வைக்கக் கூடாது. முதல் நாள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கடிகாரத்தைச் சரிசெய்துவிடாதீர்கள். நான்கு நிமிஷம் முந்தட்டும்.

அந்த பூட்ஸிலிருந்து பேப்பரை எடுத்துவிடுங்கள். துடைத்து வாசலில் வையுங்கள். நான் வரும் வரைக்கும் அதை யாரும் போட வேண்டாம். நீங்களும்தான்.

அக்காவுக்கு என் வணக்கம்.

மாப்பிள்ளை